ஷெல்லிக்கு மார்க் போட முடியுமா?

1887-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விவாதம் நடந்தது. ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக வைத்துப் பட்டம் கொடுக்கலாமா, கூடாதா? வரலாற்றுப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் கூடவே கூடாது என்றார். மொழிநூலை விட்டுவிட்டு இலக்கியத்தை மட்டும் படித்தால் அது கவிஞர் ஷெல்லியைப் பற்றிய வம்பளப்பாகத்தான் முடியும் என்பது அவர் வாதம். டவுடன் எழுதிய ஷெல்லி வாழ்க்கை வரலாறு முந்தைய ஆண்டுதான் வெளிவந்திருந்தது. கவிஞர் முதல் மனைவியை விட்டுப் பிரிந்த கதை ஊர்வாயில் இருந்த நேரம் அது. ஃப்ரீமனின் இன்னொரு கேள்விதான் கனமானது. ஒருவருடைய ரசனைக்கு எப்படித் தேர்வு வைப்பது? அந்த ஆண்டு முன்மொழிவு தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், ஆக்ஸ்ஃபோர்டு முடியாது என்று சொன்ன அந்தத் தேர்வைக் கல்கத்தா மாணவர்கள் அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1817-இல் தொடங்கிய கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1830-களின் பிற்பகுதியில் கேப்டன் டி. எல். ரிச்சர்ட்சன் ஷேக்ஸ்பியர் நடத்தினார். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் அவரிடம் படித்தவர். அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டத்துக்குப் படித்த இங்கிலாந்துப் பையன் கிரேக்கத்தோடும் லத்தீனோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஷேக்ஸ்பியர் அவன் ஓய்வுநேரத்தில் புரட்டுகிற புத்தகம். அதற்குப் பேராசிரியர் எதற்கு என்றுதான் அங்கே நினைத்தார்கள்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? உத்தியோகத்திலிருந்து. 1835-இல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் வகுப்பறையை நிரப்பியதில் 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் போட்ட உத்தரவுக்குப் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றது அது. அதன் பிறகு மில்டனும் பேக்கனும் அடிசனும் கச்சேரி வேலைக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். மிஷனரிகளுக்கு வேறு கணக்கு இருந்தது. அரசுப் பள்ளிகளில் பைபிளை நேரடியாக நடத்த முடியாது. கிறிஸ்தவ ஒழுக்கத்தை மில்டன் வழியாக ஊட்டிவிடலாம். கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவெடுத்ததில் இந்தியக் காலனிக்கு இருந்த இந்த இடத்தை விரிவாகக் காட்டியது.

பிரிட்டனுக்குள்ளும் இந்தப் பாடம் புறவாசல் வழியாகத்தான் வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹியூ பிளேருக்கு 1762-இலேயே அரசுப் பேராசிரியர் பதவி கிடைத்திருந்தது. அவர் நடத்தியது சொற்கலையும் நடையழகும். லண்டனில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகம் 1828-இல் தாமஸ் டேல் என்ற பாதிரியாரை ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தியது. பழைய இரண்டு பல்கலைக்கழகங்களான ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மட்டும் அசையவில்லை.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. ஆங்கிலவழிப் பட்டத்தோடு வெளியே வந்த தாமோதரம்பிள்ளை பிறகு ஏட்டுச்சுவடி தேடி அலைந்தார் என்பது தமிழர் அறிந்த கதை. ஷெல்லியைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு அடித்துக்கொண்ட அதே 1887-இல்தான் அவர் கலித்தொகையை அச்சேற்றினார்.

ஆக்ஸ்ஃபோர்டு மெல்ல இறங்கி வந்த விதமும் சுவையானது. 1885-இல் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் என்று மெர்ட்டன் பேராசிரியர் பதவி ஒன்றை உண்டாக்கி, அதில் ஆர்தர் நேப்பியரை உட்காரவைத்தார்கள். அவர் பழைய ஆங்கில மொழிநூல் வல்லுநர். இலக்கியத்துக்காக வரிந்துகட்டி எழுதிவந்த சர்ட்டன் காலின்ஸுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1890-களில் ஆங்கிலத் துறை அமைந்தபோதும் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆங்கிலம் பாடத்தின் முதுகெலும்பாக இருந்தது. காரணம் எளிது. வேற்றுமை உருபுக்கும் ஒலித்திரிபுக்கும் சரி, தப்பு என்று திட்டமாக மார்க் போடலாம். கடைசியில் ஃப்ரீமன் தோற்றார், அவருடைய கேள்வி தோற்கவில்லை.

1904-இல்தான் அங்கே இலக்கியத்துக்கென்றே ஒரு பேராசிரியர் வந்தார்: வால்டர் ராலி. இளம் வயதில், 1885 முதல் 1887 வரை, அவர் ஆங்கில இலக்கியம் நடத்திய இடம் அலிகார் கல்லூரி. காலனியில் கைபழகியவர்தான் ஆக்ஸ்ஃபோர்டின் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜ் இன்னும் தாமதம். 1910-களின் தொடக்கத்தில் பத்திரிகை முதலாளி ஹரால்ட் ஹார்ம்ஸ்வொர்த் பணம் கொடுத்த பிறகே அங்கே ஆங்கில இலக்கியப் பேராசிரியர் பதவி உண்டாயிற்று. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. பழைய ஆங்கிலம் கட்டாயமில்லை என்று ஆனது. ஜெர்மானிய மொழிநூலின் மேல் அப்போது இருந்த கசப்பும் இதற்கு உதவியது.

மொழிநூல் விலகியதும் ஃப்ரீமனின் கேள்வி திரும்ப வந்து நின்றது. அதற்கு முகங்கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். கவிஞரின் பெயரையும் காலத்தையும் மறைத்து, தாளில் கவிதையை மட்டும் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். எத்தனை முறை வேண்டுமானாலும் படியுங்கள், தோன்றியதை எழுதித் தாருங்கள் என்றார். வந்த குறிப்புகளை வகைபிரித்து, பதின்மூன்று கவிதைகளை வைத்து 1929-இல் நூலாக வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு அது பெருமை சேர்க்கவில்லை. ஜான் டன்னின் புகழ்பெற்ற பதினான்கடிப் பாட்டைப் பலர் பிடிக்கவில்லை என்று தள்ளியிருந்தார்கள். சிலருக்கு வரிகளின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாரும் பாராட்டியிருப்பார்கள் போலும்.

அந்தச் சோதனை பிறகு வினாத்தாளில் ஏறிக்கொண்டது. முன்பின் பாராத கவிதை ஒன்றை, பெயர் இல்லாமல், கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்லும் வினா கேம்பிரிட்ஜிலிருந்து கிளம்பி இந்தியப் பல்கலைக்கழகங்களின் எம்.ஏ. வகுப்புகள் வரை வந்தது. அதற்கும் நோட்ஸ் வைத்து உருப்போட முடியும் என்று நம் மாணவர்கள் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.