குளிர்ந்த காந்தமும் குத்தாலத்து வாயுவும்

தஞ்சைத் தரணியில் போரடிக்கும் களத்தை இளமையில் நான் பலமுறை கண்டதுண்டு. நடுவே முளை, அதிற் பிணைத்த மாடுகள் வட்டமிடும். கயிறு உறுதியாயிருந்தால்தான் விரைந்தோடும் மாடு வட்டத்தை விட்டு விலகாது. சைக்ளோட்ரான் என்னும் அணுத்துகள் முடுக்கியை மாணவர்களுக்கு விளக்க இதனினும் நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை. மின்னேற்றமுள்ள துகளே மாடு, காந்தப்புலமே கயிறு. சுற்றுதோறும் மின்னழுத்தம் துகளை உந்துகிறது. வேகம் வளர வளர வட்டமும் விரிகிறது.

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாரன்ஸும் அவர் மாணவர் லிவிங்ஸ்டனும் இயக்கிக் காட்டிய சிறு கருவியின் குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர்தான். ஆற்றல் பெருக வேண்டுமாயின் காந்தம் பெரிதாக வேண்டும். அன்றேல் அதன் புலம் வலிதாக வேண்டும். செப்புச் சுருளில் மின்னோட்டத்தைப் பெருக்கினாலோ வெப்பம் மிகுந்துவிடும்.

இதற்கு விடை குளிரில் இருந்தது. 1911இலேயே ஹாலந்தில் காமர்லிங் ஆனஸ், திரவ ஹீலியத்தால் குளிர்வித்த பாதரசம் மின்தடையை அறவே இழப்பதைக் கண்டார். இதுவே மீகடத்தல். ஆயினும் தூய உலோகங்கள் வலிய காந்தப்புலத்தில் இப்பண்பை இழந்துவிடும். நயோபியம்-டைட்டானியம் போன்ற கலப்புலோகங்கள் கிடைத்த பின்னரே, 1982இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் மீகடத்து சைக்ளோட்ரான் இயங்கிற்று.

நம் நாட்டில், 1977 முதல் சாதாரணக் காந்த சைக்ளோட்ரானை இயக்கிவந்த கல்கத்தா மையம் இப்பணியையும் மேற்கொண்டது. 2009 ஆகஸ்டில் மீகடத்து சைக்ளோட்ரானுள் அயனிக்கற்றை முதன்முறையாகச் சுழன்றது. ஆனால் காந்தப்புலத்தில் இருந்த சிறு பிழையால், கற்றையை வெளிக்கொணரப் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது.

இக்காந்தச் சுருளைப் பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரியில் வைப்பது திரவ ஹீலியம். அதற்கு நாம் பெரிதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறோம். இவ்விடத்தில்தான் காவிரிக்கரைக் குத்தாலம் வரலாற்றுள் நுழைகிறது. அருவி வீழும் குற்றாலம் அன்று. மயிலாடுதுறைக்கு அருகே, பழைய தஞ்சை மாவட்டத்து ஊர். அங்கே நிலத்தடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவில் பதினாயிரத்தில் ஆறு பங்கு அளவே ஹீலியம் உண்டு. கல்கத்தா விஞ்ஞானிகள் அங்கே ஒரு சோதனை ஆலை நிறுவினர். அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பிற வாயுக்களை உறிஞ்சுபொருளில் தங்கவைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தூய ஹீலியத்தைப் பிரித்தெடுத்தனர்.

ஆலை சிறிது, நாட்டின் தேவையோ பெரிது. பிரிக்காது எரித்த வாயுவிலுள்ள ஹீலியம் காற்றில் கலந்து மறைகிறது. சிந்திய நெல்லைப் பொறுக்கலாம், அதனை மீட்டல் அரிது. களத்தில் ஒரு மணியும் வீணாகாமற் கூட்டியெடுத்த மக்களின் பிள்ளைகள் நீங்கள். இதனையும் வீணாகாமற் காக்கும் வழியை உங்களில் ஒருவர் காண வேண்டும் என்பதே என் விழைவு.