கடற்பயணமும் காலப்பயனும்

உல்லாசப் பயணத்திற்கென்றே கட்டப்பெற்ற பெருங்கப்பல்கள் இன்று பல துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. நம்மவருள்ளும் சிலர் விடுமுறை நாட்களை அவற்றில் குடும்பத்தோடு கழித்து வருகின்றனர். செயற்கைக்கோள் வழியே இணையம் நடுக்கடலையும் எட்டிவிட்டமையால், அலுவலக வேலையை மடிக்கணினியில் கப்பலுக்கே கொண்டு செல்வாரும் உளர். “கடலுக்குப் போயும் கணக்கெழுதவா?” என்று நகைப்பார் சிலர், “வாளா இருந்து நாளைக் கழிப்பதோ?” என்று மறுப்பார் சிலர். இந்த வழக்கு இன்று தோன்றியதன்று. கப்பலில் கிடைக்கும் காலத்தை என்ன செய்வது என்னும் வினாவுக்கு நம் முன்னோர் மூவர் தம் வாழ்வினால் விடை தந்துள்ளனர்.

முதலாமவர் இப்னு ஜுபைர். ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவின் ஆளுநரிடம் செயலராயிருந்த இவர், ஹஜ்ஜை நாடி ஹிஜ்ரி 578, ஷவ்வால் 29-ல் (கி.பி. 1183, பிப்ரவரி 24) மொராக்கோக் கரையிலுள்ள சப்தாவில் ஜெனோவா நாட்டவரின் கப்பலொன்றில் ஏறினார். மறுநாளே, ஸ்பெயினின் பனிமலை கண்ணெதிரே தெரிய, கடலின் மேலிருந்தபடியே தம் பயண நூலை எழுதத் தொடங்கினார். இன்ன நாளில், இன்ன இடத்தில் தொடங்கினேன் என்பதை நூலின் முகப்பிலேயே குறித்தும் வைத்தார். சார்தீனியாவை அடுத்துப் புயல் அலைத்தது. ஆயினும் எழுதுகோல் ஓயவில்லை. முப்பது நாட்களில் அலெக்ஸாந்திரியா வந்தது.

திரும்பும் பயணம் 1184 அக்டோபரில் அக்கா துறைமுகத்திலிருந்து தொடங்கிற்று. கப்பலில் ஏறிய பின்னரும் காற்றை எதிர்நோக்கிப் பன்னிரண்டு நாட்கள் துறையிலேயே காத்துக் கிடந்தனர். அக்கப்பலில் கிறிஸ்தவ யாத்திரிகர் மட்டும் இரண்டாயிரவருக்கு மேல் இருந்தனர் என்கிறார். மாதுளை, அத்தி, கொட்டைப் பருப்பு, பாலாடைக்கட்டி, மீன் என யாவும் ஒரு நகரத்துக் கடைவீதியில் விற்பது போல் விற்கப்பட்டனவாம். இன்றைய உல்லாசக் கப்பலைக் கண்டு வியப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறுதியில் சிசிலித் தீவின் மஸ்ஸீனா அருகே, டிசம்பர் மாதத்து இரவொன்றில் கப்பல் கரையில் மோதி உடைந்தது. கரையேற்றப் படகோட்டிகள் கேட்ட கூலியைக் கொடுக்க இயலாது தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக, அங்கிருந்த கிறிஸ்தவ மன்னர் வில்லியம் தம் பணத்தைத் தந்து உதவினார். மாற்றார் செய்த அந்த நன்மையையும் மறைக்காது எழுதினார் இப்னு ஜுபைர். ஏடு தப்பியது, அதனால் ஏறக்குறைய எண்ணூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கப்பல் வாழ்க்கை நம் கண்முன் நிற்கிறது.

இரண்டாமவர் இப்னு பதூதா. தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்ல வேண்டி, 1340-களின் தொடக்கத்தில் கோழிக்கோடு வந்து பருவக்காற்றுக்காக மூன்று மாதங்கள் காத்திருந்தார். அங்கு நின்ற சீனக் கப்பல்களின் அமைப்பை அவர் விரித்துரைக்கிறார். பெரிய கப்பலில் நான்கு தளங்கள். மாலுமிகள் 600 பேரும் வீரர்கள் 400 பேருமாக ஆயிரவர். கழிப்பறையோடு கூடிய தனி அறைகள். அறையைப் பூட்டிக்கொண்டு ஒருவர் உள்ளேயே இருந்துவிட்டால், அடுத்த ஊர் வரும்வரை அவர் கப்பலில் இருப்பதே பிறருக்குத் தெரியாதாம். மாலுமிகளின் பிள்ளைகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டனர்.

தமக்கும் தனியறை வேண்டுமென அவர் கேட்டார். நல்ல அறைகளையெல்லாம் சீன வணிகர் முன்னரே பிடித்துக்கொண்டிருந்தனர். கிடைத்த அறையில் கழிப்பறை இல்லை. ஆகவே தம் பொருளையும் தம்மவரையும் சிறிய கப்பலொன்றுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகத் தாம் கரையில் தங்கினார். கடல் கொந்தளித்தது. சுல்தானின் பரிசுப் பொருட்களை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்து, உடன் வந்த தூதர்களும் மாண்டனர். அதைக் கண்ட சிறிய கப்பல் பாய் விரித்து ஓடிவிட்டது. கரையில் நின்றவருக்கு எஞ்சியவை பத்துத் தீனார்களும் படுக்கும் விரிப்பும் மட்டுமே. திட்டமிடுதல் நம் கடமை. முடிவு அல்லாஹ்வின் கையில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பிறிதொரு முறை கடற்கொள்ளையில், புகாராவில் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் இழந்தார். ஆதலால் ஊர் திரும்பிய பின் பலவற்றை நினைவிலிருந்தே சொல்ல, இப்னு ஜுஸை என்பார் எழுத, 1355-ல் அவர் பயண நூல் நிறைவுற்றது. அதன் காலக் கணக்கில் காணும் சிக்கல்களுக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மூன்றாமவர் மௌலானா ஷிப்லி நுஃமானி. அலீகரில் ஆசிரியராயிருந்த அவர், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை எழுத ஆதாரங்கள் தேடி, 1892-ல் கான்ஸ்டாண்டிநோபிள் புறப்பட்டார். உடன் பயணம் செய்தவர் அங்குத் தத்துவப் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயர் ஆர்னால்டு. இவர் அவரிடம் பிரெஞ்சும், அவர் இவரிடம் அரபியும் பயின்றனர். வழியில் கப்பலின் இயந்திரம் பழுதுற்றது. கலங்கிய ஷிப்லி நண்பரிடம் ஓடினார். ஆர்னால்டோ அமைதியாக நூல் படித்துக்கொண்டிருந்தார். கப்பல் அழியுமாயின் எஞ்சியுள்ள சிறிது நேரம் இன்னும் அருமையானதன்றோ, அதனை வீணாக்கலாமோ என்பது அவர் மறுமொழியின் கருத்து. ஷிப்லி இதனைத் தம் பயண நூலில் மகிழ்ந்து பதிந்தார். காலத்தின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் ‘அல்அஸ்ர்’ அத்தியாயத்தை அன்றாடம் ஓதும் நமக்கு, ஓர் ஆங்கிலேயர் நடுக்கடலில் அதன் பொருளை நடந்து காட்டினார்.

மூவரும் கடலில் சோம்பியிருக்கவில்லை. அதே வேளை, கரையில் விட்டுவர வேண்டிய சுமையைத் தூக்கிக்கொண்டு கடலைக் காணாது திரும்பவும் இல்லை. கண்டதை எழுதுவதும், கற்பதும், கற்பிப்பதுமே அவர்கள் செய்த வேலை. ஆகவே கப்பலேறுவோர் அறையையும், ஹலாலான உணவையும், கிப்லாவையும், தொழுகை நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்வதோடு, வெற்று நோட்டு ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொள்வார்களாக. அலுவலக வேலை தவிர்க்க முடியாததாயின், அதற்கு ஒரு நேரம் வரையறுத்துக்கொள்வார்களாக.

இன்னுமொரு கடமை கரையிலிருக்கும் நமக்கு உண்டு. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்றுவந்த ஹஜ் கப்பல்கள் 1995-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிச் சென்ற கப்பல்களும் மறைந்தன. அவற்றில் பயணம் செய்த பெரியவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் இருக்கின்றனர். கப்பலில் என்ன உண்டனர், எங்கே தொழுதனர், யார் நோயுற்றனர், யாரைக் கடலில் அடக்கினர் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவர்களுக்காக எழுத ஓர் இப்னு ஜுஸை இல்லை. இன்றிரவு இஷாவுக்குப் பின் அவர்கள் அருகில் அமர்ந்து நாமே கேட்டு எழுதுவோமாக.