அடைபட்ட வாயிலும் ஒன்பது மாணவரும்

1904-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நியூயார்க் நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆரன் பிரவுன் என்னும் யூத மாணவரும் அவர்தம் நண்பர் எண்மரும் கூடி ஒரு சங்கம் கண்டனர். ஃபை டெல்டா எப்ஸிலான் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டா. அவை கிரேக்க நெடுங்கணக்கின் மூன்று எழுத்துகளே. அமெரிக்க மாணவர் தம் சகோதர சங்கங்களுக்கு இவ்வாறு பெயரிடுவது அந்நாட்டு வழக்கம்.

மருத்துவ மாணவர்க்கென அத்தகைய சங்கங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஒரே இல்லத்தில் தங்குவது, உடனிருந்து உண்பது, மூத்தவர் இளையவர்க்குப் பாடம் விளக்குவது, பட்டம் பெற்றபின் மருத்துவமனைகளில் பயிற்சியிடம் கிடைக்கப் பரிந்துரைப்பது என அவற்றால் விளைந்த பயன் பெரிது. ஆனால் யூதர்க்கு அங்கே இடமில்லை. வகுப்பில் அருகே அமர்ந்தவன் சங்கத்து வாயிலில் அந்நியனானான். எனவேதான் அவ்வொன்பதின்மர் தமக்கென ஓர் இல்லம் தேடினர். மூன்றாண்டு கழித்து, 1907-இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஃபை லாம்டா கப்பா என்னும் மற்றொரு சங்கமும் தோன்றிற்று.

யூதர் என்றதும் நம் வாசகர் உள்ளத்தில் பாலஸ்தீனத்தின் துயரமே முதலில் எழும். அவ்வழக்கில் நம் நெஞ்சம் எப்பக்கம் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனவருத்தம் நம்மை நீதியினின்று விலக்கலாகாது என்பதே நாம் ஓதிக் கற்ற பாடம். ஆகவே இவ்வரலாற்றை அதன் தன்மையிலேயே நோக்குவோம்.

1881-க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர் மீது கொடிய தாக்குதல்கள் மூண்டன. 1887-இல் அந்நாட்டு அரசு, கல்விக்கூடங்களில் யூத மாணவர் இத்தனை விழுக்காட்டினரே என வரம்பிட்டது. முதல் உலகப் போர் மூள்வதற்குள் ஏறத்தாழ 20 இலட்சம் யூதர் கிழக்கு ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா புகுந்தனர். தையற்கூடங்களில் உழைத்த தந்தையர் தம் மக்களை மருத்துவராக்க விழைந்தனர். அவ்விழைவு புதிதன்று. குர்துபாவில் பிறந்து, காஹிராவில் ஹிஜ்ரி 601-இல் (கி.பி. 1204) மறைந்த மூஸா இப்னு மைமூன் என்னும் யூதப் பேரறிஞர், ஸுல்தான் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்அஃப்ளலுக்கு மருத்துவராய் இருந்து, உடல்நலம் பேணும் நூலை அரபியிலேயே எழுதினார். இப்னு அபீ உஸைபிஆ, மருத்துவர் வரலாறு கூறும் தம் பெருநூலில் முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என எல்லோரையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார். முவஹ்ஹிதுகளின் கடுமைக்கு அஞ்சியே மூஸாவின் குடும்பம் குர்துபாவை விட்டு வெளியேறியது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

மீண்டும் அமெரிக்கா வருவோம். 1910-இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பார், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். தரங்குன்றிய கல்லூரிகள் பல மூடப்பட்டன. மருத்துவக் கல்வி உயர்ந்தது உண்மை. இடங்கள் அருகியதும் உண்மை. கறுப்பின மக்களின் ஏழு கல்லூரிகளுள் ஹோவர்டும் மெஹாரியுமே எஞ்சின. இடம் அருகிய வேளையில் யூதரை விலக்குவதும் எளிதாயிற்று. ஃப்ளெக்ஸ்னரும் யூதரே என்பது காலத்தின் விநோதம்.

சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. விண்ணப்பத் தாளே வேலையை முடித்தது. சமயம் யாது, பெற்றோர் பிறந்த ஊர் யாது, தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் யாது என்ற கேள்விகள். உடன் ஒரு புகைப்படம். கொலம்பியாவின் மருத்துவக் கல்லூரியில் 1920-இல் ஏறத்தாழ 47 விழுக்காடாயிருந்த யூத மாணவர், 1940-இல் 7 விழுக்காட்டிற்கும் கீழே தாழ்ந்தனர். திறமை இருபது ஆண்டில் இவ்வாறு வற்றிவிடுமா? இடம் கிடையாதோர் பலர் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்று பயின்றனர். பாகுபாடு காட்டாத நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1939-இல் பட்டம் பெற்ற ஜோனஸ் ஸால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி 1955-இல் உலகறிய வெற்றி கண்டது.

பட்டம் பெற்றபின்னும் தடை தீரவில்லை. மருத்துவமனைகளும் யூதரை ஏற்கத் தயங்கின. சகோதர சங்கத்து மூத்தோரின் கைதூக்கல் பெரிதும் பயன்பட்டது அப்போதுதான். யூதர் தாமே நிறுவிய மருத்துவமனைகளும் அவர்க்கு அரணாயின. நியூயார்க்கில் 1852-இல் யூதர் மருத்துவமனையாக நிறுவப்பெற்ற ஒன்று, எல்லாச் சமயத்தாரையும் ஏற்று, 1866-இல் மௌண்ட் சினாய் எனப் பெயர் மாறிற்று. நாம் தூர் ஸீனா என்று ஓதும் மலையின் பெயரே அது.

தனிச்சங்கம் காண்பது பிரிவினை என்பார் உளர். வாயிலை அடைத்தவர் அதனைச் சொல்லலாகாது என்பதே நம் கருத்து. வாயில் திறந்தபின் உள்ளிருப்போர் யாது செய்தனர் என்பதையே நாம் உரைகல்லாகக் கொள்ள வேண்டும். 1948-இல் நியூயார்க் மாநிலம் கல்லூரிச் சேர்க்கையில் இன, சமயப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. யூதப் பல்கலைக்கழகமொன்று 1955-இல் தொடங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி எச்சமயத்தாரையும் ஏற்றது. ஃபை டெல்டா எப்ஸிலானும் நாளடைவில் சமயம் பாராது, ஆண் பெண் இருபாலாரையும் சேர்க்கும் சங்கமாயிற்று.

எல்லா வாயில்களும் ஒருங்கே திறந்துவிடவில்லை. ஜார்ஜியா மாநிலத்து எமரி பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியில் 1948 முதல் 1961 வரை யூத மாணவர் பலர் வேண்டுமென்றே தோல்வியுறச் செய்யப்பட்டனர். தம் தகுதிக் குறைவே காரணம் போலும் என நாணி, அதனை வீட்டாரிடமும் சொல்லாது வாழ்ந்தோர் உண்டு. 2012-இல் அப்பல்கலைக்கழகம் அவர்களை வரவழைத்து, அவையோர் முன் மன்னிப்புக் கோரியது. அதற்குள் அவர்கள் முதியோராகிவிட்டிருந்தனர்.