நித்தியகல்யாணி தந்த மருந்து

பாலிக் புலாவ் வட்டாரத்தில் வீட்டு வாசல்களிலும் கோயில் ஓரங்களிலும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை நாம் அறிவோம். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சினா என்பார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது.

இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லது என்று பல நாடுகளில் நம்பினார்கள். 1952-இல் ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் கனடாவிலிருந்த ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளருக்கு வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்கு ஊசியால் ஏற்றிப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்களே குறைந்தன. அப்படியானால், வெள்ளையணுக்கள் அளவின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா? நோபிளும் சார்லஸ் பீரும் முயன்று, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தனர். இதே செடியின் வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இம்மருந்து செய்வதென்ன? உயிரணு இரண்டாகப் பிரியுமுன், அதன் 46 குரோமோசோம்களும் இரட்டிக்கின்றன. அவற்றை இருபுறமும் பிரித்திழுப்பவை மெல்லிய இழைகள். ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் உள்ள புரதத் திரளில் இழை வந்து பற்றும். பற்றும் வரை, சில காவல் புரதங்கள் அங்கே ஒட்டிக்கொண்டு, பிரிவினையைத் தடுத்து நிற்கும். பெரட்டில் ஆள் கணக்கு சரியாகும் வரை எவரையும் வேலைக்காட்டுக்கு அனுப்பாத கங்காணியைப் போல! இக்காவல் புரதங்களுக்குரிய மரபணுக்கள் ஈஸ்ட் உயிரணுக்களில் 1991-இல் அறியப்பட்டன.

வின்கிரிஸ்டின் அந்த இழைகளை உருவாகவிடாது. இழை பற்றாததால் காவலும் விலகாது. உயிரணு பிரிய முடியாமல் நின்று, பெரும்பாலும் மடிந்துவிடும். ஓயாது பிரியும் புற்றணுவுக்கே அடி அதிகம். ஆனால் நரம்புகளுக்குள்ளும் அத்தகைய இழைகள் உண்டு; அதனால்தான் மருந்து பெறுவோருக்குக் கைகால் மரத்துப்போகிறது.

வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இம்மருந்து, இரத்தப் புற்றுநோய் கண்ட எண்ணற்ற குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஆயினும் சிறிதளவு மருந்துக்கே மிகப் பெருமளவு காய்ந்த இலை வேண்டும். அளவு சற்றே மிஞ்சினாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே தாய்மார்களே, இலையைக் காய்ச்சிக் குடிப்பதும் குழந்தைக்குப் புகட்டுவதும் வேண்டாம். விடாத காய்ச்சல், உடல் வெளுப்பு, காரணமின்றித் தோலில் நீலத் தழும்பு கண்டால், தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். பூ வாசலில் பூக்கட்டும். மருந்தை மருத்துவர் தரட்டும்.