யாருக்காக எடுத்த படம்? சீன மொழிக் கலைப்படங்கள் மீதான ஒரு குற்றச்சாட்டு

சீன மொழிக் கலைப்படங்களைப் பற்றிய ரசிகர் வாதங்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு குற்றச்சாட்டில் வந்து நிற்கின்றன: இது வெளிநாட்டுக்காரர்களுக்காக எடுத்த படம். சீன இயக்குநர் ஜாங் யிமோவை ஏற்காதவர்கள் இதை நேரடியாகவே சொல்வார்கள். அவருக்குப் பின்வந்த இயக்குநர் ஜியா ஜாங்கேயை ஏற்காதவர்கள் 'விழாப் படம்' என்ற சொல்லுக்குள் ஒளித்துச் சொல்வார்கள். தைவான் இயக்குநர் ஹௌ சியாவ்-சியெனின் நீண்ட, அசையாத ஷாட்டுகளில் பொறுமை இழந்தவர்கள், ஐரோப்பிய விமர்சகர்கள் தூக்கிவிட்ட ஆள் என்பார்கள். ஒரு படம் யாருடைய பணத்தில் உருவானது, எந்தத் தணிக்கையில் சிக்கியது என்பதை வேண்டுமானால் இந்த அளவுகோல் ஓரளவு காட்டும். படத்தின் தரத்தை அது தொடுவதே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

குற்றச்சாட்டுக்குக் கூர்மையான வடிவம் தந்தவர் பெய்ஜிங் பத்திரிகையாளர் தை சிங். ஜாங்கின் 'ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்' (1991) படத்தில் வரும் விளக்குச் சடங்கு சீனாவில் எங்குமே இருந்ததில்லை என்று 1993இல் 'பப்ளிக் கல்ச்சர்' இதழில் எழுதினார். தகவல் சரிதான். படத்துக்கு மூலமான சூ டோங்கின் குறுநாவலில் இந்த விளக்குகள் கிடையாது. எசமானர் அன்றிரவு எந்த மனைவியின் வீட்டில் தங்குகிறாரோ அந்த முற்றத்தில் செவ்விளக்கு ஏற்றுவது, அவளுடைய பாதங்களைச் சிறு சுத்தியல்களால் தட்டிவிடுவது, தண்டிக்கப்பட்டவளின் விளக்குகளைக் கறுப்புத் துணியால் மூடுவது எல்லாம் படத்துக்காகப் புனைந்தவை. ஆனால் பொய்ச் சடங்கைக் காட்டி அயலாரை மயக்குகிறார் என்ற முடிவு இந்தத் தகவலிலிருந்து தானாகக் கிளைக்கவில்லை. பண்பாட்டு விமர்சகர் ரே சௌ 1995இல் எழுதிய நூலில் ஜாங்குக்கு வலுவான ஆதரவு கிடைத்தது: தன்னைத் தானே காட்சிப்பொருளாக்கிக்கொள்வதன் மூலம் இந்தப் படங்கள் கீழைத்தேயத்தைப் பார்க்கும் பார்வையையே அம்பலப்படுத்துகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். நுட்பமான வாதம்தான். ஆனால் அதுவும் பார்ப்பவன் யார் என்ற கேள்விக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எதிராளி போட்ட கோட்டைத் தாண்டவில்லை.

படத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நான்காவது மனைவி சோங்லியனின் வேலைக்காரி யானர், எசமானரின் கண் என்றாவது தன்மேல் நிலைக்கும் என்று காத்திருப்பவள். அவளுடைய அறைக்குள் சோங்லியன் நுழையும்போது, கிழிந்து அழுக்கேறிய பழைய செவ்விளக்குகள் அங்கே ஏற்றிவைக்கப்பட்டிருக்கின்றன. வேலைக்காரி தன் அறையில் தனக்கே நடத்திக்கொள்ளும் சடங்கு அது. தண்டனையாக அந்த விளக்குகளை முற்றத்துப் பனியில் குவித்துக் கொளுத்துகிறார்கள். மன்னிப்புக் கேட்க மறுத்து மண்டியிட்டே கிடந்தவள் நோயுற்றுச் சாகிறாள். சடங்கு எவரை விலக்கிவைக்கிறதோ அவருடைய ஆசையையும் அதுவே வடிவமைக்கிறது என்பதை இத்தனை சிக்கனமாகச் சொன்ன படங்கள் குறைவு. விளக்கு வரலாற்றில் இருந்ததா என்ற கேள்விக்கு இந்தக் காட்சியில் வேலையே இல்லை. தவிர, படம் இதைச் சீன வழக்கம் என்று எங்கும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தின் விதி, முன்னோர் வகுத்த விதி என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. விதியின் தோற்றம் எவருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோரும் பணிகிறார்கள். புனைவாக இருப்பதுதான் அந்தச் சடங்கின் பொருத்தம்.

அயலாருக்காக எடுத்தது என்பதன் பொருளாதாரப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 'ஜூ டோ' (1990), 'ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்' இரண்டும் சீனாவில் முதலில் அனுமதிக்கப்படவில்லை. 1992இல்தான் திரைக்கு வந்தன. உள்ளூர்க்காரன் பார்க்கக் கூடாது என்று அரசு பூட்டு போட்டுவிட்ட பிறகு, உள்ளூருக்காக எடுக்கவில்லை என்று இயக்குநரைக் குறைசொல்வது விந்தை. விளக்குப் படத்துக்கான முதலீடு தைவானிலிருந்து ஹாங்காங் வழியாக வந்தது. தயாரிப்பாளர் சியூ ஃபூ-ஷெங். ஹௌவின் 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' படத்தைத் தயாரித்தவரும் இவரே. விளக்குப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் பெயரோ ஹௌ சியாவ்-சியென். ரசிகர்கள் எதிரெதிர் அணிகளாக நிறுத்தும் இரண்டு பேரும் ஒரே பெயர்ப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவர் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தை விற்பவர், மற்றவர் மண்ணின் உண்மையைச் சொல்பவர் என்ற பிரிவினை இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

1989இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற முதல் சீன மொழிப் படம் 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்'. அதன் பின்னணியான, 1947 பிப்ரவரி 28 அன்று வெடித்த எழுச்சியும் அதை அரசு ஒடுக்கிய விதமும் தைவானில் பல பத்தாண்டுகள் வாய்விட்டுப் பேசமுடியாத விஷயங்கள். இராணுவச் சட்டம் நீங்கியதே 1987இல்தான். படம் உள்ளூரிலும் கூட்டத்தை இழுத்தது. ஆகவே அயலாருக்காக என்ற வசை இங்கே ஒட்டவில்லை; வேறொன்று முளைத்தது. 1991இல் வந்த 'புதிய சினிமாவின் மரணம்' என்ற கட்டுரைத் தொகுப்பு, படுகொலையைக் காட்டாமல் மலையையும் கடலையும் காட்டி ஹௌ நழுவிவிட்டார் என்று சாடியது. நாயகன் வென்-சிங் காது கேளாத, வாய் பேசாத புகைப்படக்காரன் என்பதும் இந்த நழுவலுக்குச் சான்றாக வைக்கப்பட்டது.

அந்தப் பாத்திரம் ஊமையானதற்கு முதற்காரணம் நடைமுறைச் சிக்கல்: ஹாங்காங் நடிகர் டோனி லியாங்குக்குத் தைவானிய ஹொக்கியன் பேச வராது. ஆனால் நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு ரயில் காட்சியில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சீனப் பெருநிலத்தவரைத் தேடி ஆயுதங்களோடு வரும் கும்பல் வென்-சிங்கை மறித்து, எந்த ஊர் என்கிறது. அவன் தொண்டையைத் திணறடித்து, தான் தைவான்காரன் என்று சில ஒலிகளைத் துப்புகிறான். உச்சரிப்பு அந்நியமாகக் கேட்கவே ஐயம் கூடுகிறது; அடுத்த கேள்வி ஜப்பானிய மொழியில் வருகிறது. ஒருவன் உள்ளூர்க்காரனா என்பதை நாக்கை வைத்து முடிவுசெய்யும் நேரத்தில் நாக்கு இல்லாதவனின் கதி இது. நழுவல் என்று இதைச் சொல்ல முடியவில்லை. அடித்தவர்கள் பக்கமும் அடிபட்டவர்கள் பக்கமும் ஒருசேரத் தெரியும் இடத்தில் கேமரா நிற்கிறது. குற்றம் சாட்டியவர்களுக்கு அதுதான் உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

மூன்றாவது சச்சரவு 2006 டிசம்பரில் நடந்தது. அந்த ஆண்டு வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்ற ஜியாவின் 'ஸ்டில் லைஃப்', ஜாங்கின் பெரும் பொருட்செலவுப் படமான 'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃபிளவர்' வெளியான சமயத்திலேயே சீனத் திரையரங்குகளுக்கு வந்தது. பொன்னை வழிபடும் காலத்தில் நல்ல மனிதர்களைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்ற பொருள்பட ஜியா பேசியது, இரு படங்களின் சீனத் தலைப்புகளையும் வைத்து விட்ட அம்பு. ஜாங்கின் தயாரிப்பாளர் தரப்பு பதிலடி கொடுத்தது. ரசிகர்களும் இரண்டு அணியானார்கள். வசூல் யார் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பூசலில் ஒன்று கவனிக்கப்படவில்லை. யாங்சி அணைக்காக இடிபடும் ஃபெங்ஜியே நகரை 'ஸ்டில் லைஃப்' ஆவணப்படத்துக்கு நிகரான பொறுமையோடு காட்டுகிறது. பத்து யுவான் தாளில் அச்சான பள்ளத்தாக்கைத் தொழிலாளிகள் கண்முன் உள்ள ஆற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதே படத்தில் பாதியில் நின்றுபோன ஒரு கான்கிரீட் கட்டடம் ஏவுகணை போல நெருப்புக் கக்கி வானில் ஏறுகிறது. இல்லாத விளக்குச் சடங்குக்கு ஜாங்கைக் கூண்டில் ஏற்றியவர்கள், பறக்கும் கட்டடத்தை அயலாரை மயக்கும் பொய் என்று சொல்லவில்லை. புனைவு குற்றமென்றால் இருவருக்கும் குற்றம். ஜியாவின் புனைவு தன்னைப் புனைவென்று காட்டிக்கொள்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போதே பார்வையாளர் யார் என்ற கேள்வியை விட்டு வடிவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம்.

வடிவத்தைப் பற்றிப் பேசினால் ஜாங்கிடம் குறை இருக்கிறது, பெரிய குறையே இருக்கிறது. அவருடைய சமச்சீரான சட்டகங்கள் எல்லாப் பக்கமும் அடைபட்டவை. எசமானரின் முகத்தைத் தெளிவாகக் காட்டாமல் விட்டது ஒன்றுதான் அவர் நமக்குத் தேட விட்டுவைத்த இடம். ஹௌவிடம் சட்டகத்துக்கு வெளியே எப்போதும் ஓர் ஊர் இயங்கிக்கொண்டிருக்கும். 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' படத்தில் மருத்துவமனை வானொலியில் தைவான் ஆளுநர் சென் யீயின் குரல் கேட்கும்போது வெளியே என்ன நடக்கிறதென்று பார்வையாளன் தானே கணக்குப்போட வேண்டும். ஹௌவை ஒரு படி மேலே வைக்க எனக்கு இந்தக் காரணம் போதும்.

அயலாருக்காக என்ற அளவுகோலை இன்னும் கைவிட மனமில்லாதவர்கள் தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங்கின் 'யீ யீ' (2000) படத்தை அதில் அளந்து பார்க்கலாம். முதலீடு ஜப்பானுடையது, சிறந்த இயக்குநர் விருது கான் விழாவில் கிடைத்தது, யாங் 2007இல் இறக்கும்வரை தைவானில் முறையான திரையரங்க வெளியீடே இல்லை, 2017இல்தான் அது நடந்தது. கணக்குப்படி அயலாருக்கென்றே எடுத்த படம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். திரையிலோ விளக்கும் இல்லை, சடங்கும் இல்லை. தைபேயின் ஒரு நடுத்தரக் குடும்பம், அதன் அலுவலகம், மின்தூக்கி, கல்யாணச் சண்டை, படுக்கையில் நினைவின்றிக் கிடக்கும் பாட்டி, இவ்வளவுதான்.