போலீஸ் மீது புகாரா? போலீசே விசாரித்தால் எப்படி!
பொதுமக்கள் கமிஷன் பற்றி ஒரு விளக்கம்

போலீஸ் நிலையத்தில் அடி வாங்கியவர் மேலிடத்தில் மனு கொடுத்தால் அது எங்கே போகும்? சூப்பிரண்டு ஆபீசுக்கு போகும். அங்கிருந்து துணை சூப்பிரண்டுக்கு வரும். பல நேரங்களில், "விசாரித்து அறிக்கை தரவும்" என்ற குறிப்போடு அடித்த ஸ்டேஷனுக்கே வந்து சேரும். அப்புறம் மனு கொடுத்தவர் பாடு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

போலீசை போலீசே விசாரிக்கக்கூடாது, வெளியாட்கள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை புதுசு இல்லை. இதற்காக கோர்ட்டு படி ஏறியவரே ஒரு போலீஸ் அதிகாரிதான். உத்தரபிரதேச டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போட்டார். 10 வருஷம் இழுத்து 22-9-2006 அன்று தீர்ப்பு வந்தது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

தீர்ப்பில் 7 உத்தரவுகள். அதில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று போலீஸ் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். துணை சூப்பிரண்டு வரை உள்ளவர்கள் மீதான புகாரை இது விசாரிக்கும். சூப்பிரண்டு, அதற்கு மேல் உள்ளவர்கள் என்றால் மாநில ஆணையம். அதற்கு ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு அல்லது சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி தலைவர். உறுப்பினர்களில் பொதுமக்கள் தரப்பில் இருந்தும் ஆட்களை போடலாம்.

லாக்கப் சாவு, படுகாயம், கற்பழிப்பு மட்டும் இல்லை. மிரட்டி பணம் பறித்தது, வீடு, நிலத்தை வளைத்தது போன்ற புகார்களையும் மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். ஆணையம் பரிந்துரைக்கும் நடவடிக்கையை எடுத்தே ஆகவேண்டும் என்றும் தீர்ப்பில் உள்ளது.

தமிழ்நாட்டில் நடந்தது

இங்கே 2013-ல் போலீஸ் சீர்திருத்த சட்டம் கொண்டு வந்தார்கள். ஆணையம் உண்டு என்று அதில் எழுதினார்கள். ஆனால் யார் தலைவர்? மாநில ஆணையத்துக்கு உள்துறை செயலாளர். உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும், கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், சூப்பிரண்டு உறுப்பினர். நீதிபதியையும் காணோம், பொதுமக்களையும் காணோம். இன்ஸ்பெக்டர் மீது புகார் சொன்னால் அவருடைய சூப்பிரண்டும் உட்கார்ந்து விசாரிப்பார். சுற்றி வளைத்து பழைய இடத்துக்கே கொண்டு வந்து விட்டார்கள். இதை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் வழக்கும் போடப்பட்டது. பக்கத்து கேரளாவில் 2011 போலீஸ் சட்டத்திலேயே ஓய்வு பெற்ற நீதிபதிகளைத்தான் தலைவராக வைத்தார்கள்.

பொதுமக்கள் குழு என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' ஞாபகம் வரும். 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. அது வேற, இது வேற. அவர்கள் ரோந்து, கூட்ட நெரிசல் என்று போலீசுக்கு உதவி செய்தவர்கள். போலீசை கேள்வி கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பலியான பிறகு அந்த அமைப்புக்கு அரசு தடை போட்டது. 2025 ஜூனில் மடப்புரம் கோவில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோதும் 'யார் விசாரிப்பது' என்ற அதே கேள்விதான் எழுந்தது. இரண்டு வழக்கும் கடைசியில் சி.பி.ஐ.க்கு போனது.

சிகாகோவில் ஓட்டு போட்டு தேர்வு

அமெரிக்காவில் சிகாகோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021-ல் மாநகராட்சி சட்டம் போட்டு 7 பேர் கொண்ட பொதுமக்கள் கமிஷனை உருவாக்கியது. நகரில் உள்ள 22 போலீஸ் சரகங்களுக்கும் தலா 3 பேரை மக்களே 2023 பிப்ரவரியில் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 66 பேர். நகர போலீஸ் தலைவர் பதவி காலியானால் இந்த கமிஷன்தான் 3 பெயர்களை மேயருக்கு கொடுக்கும். 2023-ல் அப்படித்தான் புது தலைவர் வந்தார்.

தலைவரை தேர்வு செய்வதோடு முடியவில்லை. போலீஸ் எந்த விதிப்படி நடக்க வேண்டும் என்பதிலும் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. அங்கே போலீசார் 'கும்பல் ஆட்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தப்பும் தவறுமாக பெயர் சேர்க்கிறார்கள் என்று ரொம்ப நாள் புகார். 2023-ல் கமிஷன் ஓட்டெடுப்பு நடத்தி அதற்கு முடிவு கட்டியது.

நம்ம ஊரில் இருக்கும் ரவுடி பட்டியலை யோசித்து பாருங்கள். சரித்திர பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் தேர்தல், திருவிழா என்று எது வந்தாலும் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். திருந்தி ஆட்டோ ஓட்டி பிழைப்பவர் கூட பெயரை நீக்கச் சொல்லி ஐகோர்ட்டுக்கு அலைய வேண்டி இருக்கிறது. கூலி வேலைக்கு போகிறவர் அந்த செலவுக்கு எங்கே போவார்?

இப்போதைக்கு என்ன வழி?

சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேமரா விஷயமும் முக்கியம். எல்லா போலீஸ் நிலையத்திலும் பேச்சும் பதிவாகும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2-12-2020 அன்று உத்தரவிட்டது. அதை கண்காணிக்கும் மாவட்ட குழுவில் கலெக்டர், சூப்பிரண்டோடு மேயர் அல்லது மாவட்ட பஞ்சாயத்து தலைவரும் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு இப்போதைக்கு இருக்கும் சின்ன இடம் இது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக மாஜிஸ்திரேட்டு அறிக்கை கொடுத்தார் என்பதை மறந்துவிட முடியாது.

எனவே மனு எழுதும்போது ஸ்டேஷனுக்கு கூட்டிப்போன தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, அந்த கேமரா பதிவை வரவழைக்கும்படி கேளுங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, ஏ.ஆர். காப்பி வாங்கி மனுவோடு சேர்த்து வையுங்கள்.