புகை காட்டாததைக் காட்ட வந்த சென்சார்

டீசல் இன்ஜினின் கோளாறைப் புகையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது பட்டறைகளின் பழைய பாடம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலம் கலந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கண்ணும் காதும் மூக்கும் சேர்ந்து செய்த இந்த வைத்தியத்துக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் பிடிபடவே இல்லை. இன்ஜின் நல்ல சூட்டில், முழுப் பாரம் இழுக்கும்போதுதான் அவை மிகுதியாக உண்டாகின்றன. புகைபோக்கியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே அவற்றை அடக்க வந்த யூரியாக் கரைசலும், அந்தக் கரைசலைக் கண்காணிக்கும் சென்சாரும் மெக்கானிக்கின் தேவையால் பிறந்தவை அல்ல, சட்டத்தின் தேவையால் பிறந்தவை. அந்தக் கரைசலின் பெயர் டெஃப் (DEF); கட்டுமான எந்திரங்களில் ‘டெஃப் சென்சார் கோளாறு’ என்ற பெயரில் நடக்கும் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்தப் பிறப்பிலிருந்தே வருகிறது என்பது என் வாதம்.

அமோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் முறைக்கு அமெரிக்காவின் எங்கல்ஹார்ட் நிறுவனம் 1957-இல் காப்புரிமை பெற்றது. 1970-களில் ஜப்பானின் அனல்மின் நிலையங்கள் அதைப் பெரிய அளவில் கையாண்டன. ஓரிடத்தில் நிற்கும் ஆலை, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம், முறைவைத்துப் பார்க்கும் ஊழியர்கள் என்று எல்லாம் இருந்ததால் அங்கே அது ஒழுங்காக நடந்தது. ஓடும் வண்டியில் அமோனியாவை ஏற்றிச் செல்வது ஆபத்து என்பதால், சூட்டில் அமோனியாவைத் தரும் யூரியாக் கரைசல் வந்தது. அதில் யூரியா 32.5 சதவீதம் இருப்பதற்குக் காரணம் உண்டு: அந்த விகிதத்தில்தான் கரைசலின் உறைநிலை மிகத் தாழ்ந்து மைனஸ் 11 டிகிரியைத் தொடுகிறது. கட்டுமான எந்திரங்களின் பெரிய இன்ஜின்களுக்கு 1996-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 9.2 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதித்த அமெரிக்கா, 2014-இல் அதை 0.4 கிராமாக இறக்கியது. 56 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இன்ஜின்களுக்கு இந்தியா 2021 ஏப்ரலில் இதே எல்லைக்கு வந்தது. நம் ஊரில் பொக்லைன் ஓட்டுபவருக்கு யூரியாக் கேன் பழகியது இதன் பிறகுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. யூரியா தீர்ந்துபோனாலும் இன்ஜின் ஓடும், வேலையும் நடக்கும்; கெடுவது காற்று மட்டுமே. ஓட்டுபவருக்கு நஷ்டம் இல்லாத ஒரு செலவை அவரே செய்யும்படி எப்படிக் கட்டாயப்படுத்துவது? எந்திரமே கட்டாயப்படுத்த வேண்டும் என்று சட்டம் முடிவு செய்தது. தொட்டியில் மட்டம் இறங்கினாலோ, கரைசலின் தரம் குறைந்தாலோ முதலில் விளக்கு எரியும், பிறகு பவர் இறங்கும், கடைசியில் எந்திரம் வேலைக்கே உதவாத நிலைக்குப் போகும். அளக்கும் கருவியின் கையிலேயே தண்டனையும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கருவி அளக்கும் விதத்தைப் பார்த்தால் கவலை கூடுகிறது. பல சென்சார்கள் கரைசலுக்குள் ஒலியைச் செலுத்தி, அது போய்த் திரும்பும் நேரத்தையும் வெப்பநிலையையும் கொண்டு செறிவைக் கணக்கிடுகின்றன. காற்றுக்குமிழ் ஒன்று குறுக்கிட்டால் கணக்குத் தவறும். நெடுஞ்சாலை லாரிக்கு இது பெரிய தொல்லை அல்ல. குவாரியில் சரிவில் சாய்ந்து நின்று, நாளெல்லாம் குலுங்கி, தூசிக்கு நடுவே மூடி திறக்கப்படும் தொட்டியில் குமிழும் உண்டு, மண்ணும் உண்டு. வெயிலில் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் தண்ணீர் ஆவியாகி, விளிம்பில் வெள்ளை உப்பு பூத்து நிற்கும். நல்ல கரைசலைக் கெட்டது என்று சொல்லும் வாய்ப்பு இங்கே அதிகம்.

இதற்கு வரும் மறுப்பு வலுவானது: பவர் இறங்காவிட்டால் யூரியாவுக்குப் பதில் தண்ணீரை ஊற்றுவார்கள். உண்மைதான். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் கட்டுமானத் தொழிலாளிகளின் நுரையீரலுக்கு முன்னால் எந்திர உரிமையாளரின் வசதி பெரிதல்ல. காவல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் ஊற்றியவனும் சென்சார் செத்துப்போனவனும் ஒரே தண்டனையைப் பெறுவதை அந்த நியாயம் தாங்காது. 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் மாற்றுச் சென்சார் கிடைக்காதபோது, கரைசலும் இன்ஜினும் நன்றாக இருந்தும் அமெரிக்க வண்டிகள் முடங்கின. மென்பொருளைத் தற்காலிகமாகத் தளர்த்த அந்நாட்டு அரசே அனுமதிக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில், பழுதுபார்க்க அவகாசம் தந்து பவரை மெல்லக் குறைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதலும் வந்தது.

ஸ்கேனரில் தெரியும் பிழைக் குறியீட்டை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும். 3364 என்பது கரைசலின் தரத்தைக் குறிக்கும் எண். அதனுடன் கோளாறின் வகையைக் காட்டும் எண்ணாக 1 வந்தால் செறிவு தாழ்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்கிறது. 9 வந்தால் சென்சாரிடமிருந்து செய்தியே சரியாக வரவில்லை. முதலாவதில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், நிழல்கோடு 31.8-க்கும் 33.2-க்கும் நடுவே நின்றால் கரைசல் மேல் குற்றமில்லை. இரண்டாவதில் தொட்டியைத் தொடவே வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, சப்ளை வருகிறதா, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் செய்தி கடத்தும் இரண்டு கேன் (CAN) வயர்களுக்கிடையே 60 ஓம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 120 காட்டினால் கோளாறு வயரிங்கிலோ முனை ரெசிஸ்டரிலோதான். ஓட்டுபவரின் திரையிலோ இரண்டுக்கும் பல எந்திரங்களில் ஒரே விளக்குதான் எரிகிறது. அதைப் பார்த்துத் தொட்டியையே கழற்றி, நல்ல கரைசலைக் கீழே கொட்டுகிறார்கள்.